அவள் பேரில் நான் படுத்த கட்டில்

கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார். "இத்தக் கட்டிக்க. நெத்தியில பொட்டு வெச்சிக்க. கையில ரெண்டு வளையல் போட்டுக்க. அவ்ளோதான், பொண்டாட்டி ஆயிட்ட" என்றார்.

எனக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. பூதிகோட்டையில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் காய்ச்சலில் போய், பிள்ளையும் இல்லாமல், கோலார் தங்கச் சுரங்கத்து ஆட்களின் வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனில் இருந்த தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். இந்த வயதில் யாருக்குப் பொண்டாட்டி ஆனேன் என்று கேட்கிறீர்களா? என் தம்பிக்குத்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணுக்கு மட்டும்.

எங்கள் லைனில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. டோக்கன் நம்பரோடு சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்கும் அவன் தாய், பெண்டாட்டி, பிள்ளைகளுக்கும்தான் அந்த ஆஸ்பத்திரி. அக்கா தங்கை கணக்கில் வராது. கம்பெனி போய் சர்க்கார் வந்துவிட்டிருந்த காலம் அது. ஆனாலும் எங்கள் வாயில் அது கம்பெனி ஆஸ்பத்திரிதான், சட்டமும் பழைய சட்டம்தான். அதனால் லைனில் பேரை இரவல் கொடுத்து வாங்குவார்கள், அரிசி இரவல் வாங்குகிற மாதிரி. ஒருத்தன் மாமியாரைத் தாய் என்று சொல்லிக் கண் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தான். இன்னொருத்தன் மச்சான் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டு வந்தான். "டோக்கன் நம்பர் ஒண்ணுதான். அதுல எத்தினி பேர் ஏறினா இன்னா, கேஜ் தாங்கும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரம்மா. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பேர், அது இறங்குகிற குழிக்கு ஷாஃப்ட். எங்கள் ஊரில் எதைச் சொன்னாலும் கேஜும் ஷாஃப்டும் இல்லாமல் பேச்சு நிற்காது.

நான் ஷாஃப்ட் கேட்டுக்கு வெளியே ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். ஷிஃப்டுக்குப் போகிற ஆட்கள் பேசுகிற பேச்சைக் கேட்பதற்கே அடுப்பை மூட்டலாம். "சட்னி காரமா வை அக்கா, கீழ போறவரைக்கும் வாயாவது உயிரோட இருக்கட்டும்" என்பான் ஒருத்தன். "ஆப்பத்துல ஓட்டை கம்மியா கீதே, மேஸ்திரி டிரில் போடலியா?" என்பான் இன்னொருத்தன். எழுத்தும் எனக்கு அங்கேதான் வந்தது. பொட்டலம் கட்ட வாங்கும் பழைய பேப்பரில், தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்குத் தாவித் தாவிப் படித்தேன். பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை.

கட்டியை முதலில் பார்த்தது நான் இல்லை, தம்பி மனைவி. மாவு ஆட்டும்போது வலது அக்குளை ஒட்டி, மார்பின் ஓரத்தில் ஏதோ இடிக்கிற மாதிரி இருக்கும். வலி இல்லாததால் நான் சட்டை செய்யவில்லை. ஒரு நாள் எனக்கு முதுகு தேய்த்துவிட்டவள் கை அங்கே பட்டு நின்றுவிட்டது. "இன்னா அண்ணி இது?" என்றாள். "கொழுப்பு" என்றேன். "கொழுப்பு உங்க வாயிலதான் கீது. இது கல்லு" என்று சொல்லி, ஈரப் புடவையை மாற்றுவதற்குக்கூட விடாமல் கத்தினாள். அடுத்த நாளே ஆண்டர்சன்பேட்டை பஜாரில் இருந்த டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

பஜார் டாக்டர் லைன் ஆட்கள் எல்லோருக்கும் வேண்டியவர். ஊசி போடும்போதும் கதை பேசுகிறவர். அன்றைக்கு மட்டும் பேசவில்லை. தொட்டுப் பார்த்தார், கை கழுவினார், துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "இதுக்கு ஒரு மாத்திரையக் குடுத்து அனுப்புனா நான் பாவி ஆயிடுவேன். அறுத்து எடுக்கணும். அதுவும் சீக்கிரமா. கம்பெனி ஆஸ்பத்திரில நல்லா செய்யறாங்க" என்றார்.

"எனக்கு அங்க பாத்தியத கெடையாதுங்களே" என்றேன்.

வீட்டுப் படியில் செருப்பை விடும்போது தம்பி மனைவி சொன்னாள்: "என் பேர்ல போங்க அண்ணி. நான் நல்லாத்தானே கீறேன். என் பேர் அங்க சும்மாதானே கெடக்குது."

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் அந்த ஆஸ்பத்திரியிலேயே பிறந்தவை. இரண்டாவது பிரசவத்தில் கால் வீங்கி, தலை சுற்றி, பெரும்பாடு பட்டாள். ஆனாலும் அவளுக்கு அந்த இடம் பிடிக்கும். அங்கே வெள்ளைப் படுக்கையில் படுத்துக்கொண்டு பால் குடித்த நாட்களைப் பற்றி, ஊட்டிக்குப் போய்வந்தவள் மாதிரி பேசுவாள். அந்தப் பேரைத்தான் எனக்குக் கொடுத்தாள்.

கம்பெனி டாக்டர் பெரிய மீசைக்காரர். என் வயதைக் கேட்டார். இருபத்தேழு என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இருபத்தேழா?"

"ஆப்ப அடுப்புங்க சார். முகத்த சீக்கிரம் கருக்கிடுது" என்றேன். நர்சம்மா சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை பிள்ளைகள், தாய்ப்பால் கொடுத்தாயா என்று கேட்டார். இரண்டு, கொடுத்தேன் என்றேன். பிள்ளையே பெறாதவள் வாயால் இதைச் சொன்னேன். பிறகு என் தம்பி பக்கம் திரும்பினார்.

"யோவ், சம்சாரத்துக்கு மார்ல எலுமிச்சம்பழம் கணக்கா கட்டி. கூட இருக்கறவன், உனக்குத் தெரியவே தெரியாதா? என்ன புருஷன்யா நீ?"

தம்பி தரையைப் பார்த்தபடி, "தெரியாதுங்க" என்றான். காது மடல் இரண்டும் சிவந்துபோயின. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான். "அக்கா, ஏர் பிளாஸ்ட்ல மாட்டிக்கூட நான் இப்பிடி வேர்த்ததில்ல. இனிமே என்னைக் கூப்பிடாத" என்றான். சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிவதைத்தான் அவர்கள் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். சரிந்த பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு முழு ஷிஃப்ட் சிக்கிக் கிடந்து வந்தவன் அவன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வலது பக்கம் வெறும் கட்டுதான் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் தம்பி மனைவியின் பேர் தொங்கியது. காலையில் அந்தப் பேரைச் சொல்லித்தான் நர்சம்மா எழுப்புவார். முதல் இரண்டு தடவை நான் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். மயக்க மருந்தின் குழப்பம் என்று நினைத்துக்கொண்டார்.

தம்பி மனைவி தினமும் கஞ்சி கொண்டுவருவாள். நாத்தனார் என்று சொல்லிக்கொண்டு வருவாள். அது பொய்யும் இல்லை. யார் யாருக்கு நாத்தனார் என்பதைத்தான் மாற்றிவிட்டோம். பிள்ளைகளை மட்டும் கூட்டி வரமாட்டாள், வாய் தவறி என்னை அத்தை என்றுவிட்டால் வம்பு என்று. அதற்காக ஒரு நாள் நர்சம்மா அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்தவ இப்பிடிக் கெடக்கறா. புள்ளைங்கள ஒரு தடவ கண்ணுல காட்டமாட்டியா? இன்னா மனசும்மா உனக்கு? நாத்தனார்னா நாத்தனார்தான்!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா "அதானே" என்று ஒத்துப் பாடினார். தன் பிள்ளைகளைத் தன் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு எனக்குக் கஞ்சி சுமந்து வந்தவள், தலையைக் குனிந்துகொண்டு தூக்கைக் கழுவப் போய்விட்டாள். நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும்.

அறுத்தது போதாது, பெங்களூர் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு யார் பேரில் இருக்கும்? அவள் பேரில்தான். தர்ம ஆஸ்பத்திரி அது, யார் வேண்டுமானாலும் போகலாம், என் சொந்தப் பேரிலேயே போயிருக்கலாம். ஆனால் சீட்டு இல்லாமல் போனால் எதை அறுத்தார்கள், எவ்வளவு அறுத்தார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் பெங்களூரிலும் நான் அவளானேன்.

சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி பங்காருப்பேட்டையில் வண்டி மாறிப் போவேன். வாரம் முழுக்க ஆஸ்பத்திரி பக்கத்துச் சத்திரத்தில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை திரும்புவேன். ஆப்ப அடுப்பைத் தம்பி மனைவி பார்த்துக்கொண்டாள். பெங்களூர் டாக்டர் கன்னடக்காரர். "எஷ்டு மக்களு?" என்று பிள்ளைகள் எத்தனை எனக் கேட்டார். பூதிகோட்டையில் குடித்தனம் செய்தவளுக்குக் கன்னடம் தெரியாதா? "எரடு" என்றேன். இரண்டு. வயது சீட்டிலேயே இருந்தது. இவ்வளவு சின்ன வயதில் வந்தால் இந்த நோய் வேகமாக ஓடும், மாதவிலக்கு நிற்க வேண்டும் என்று சொல்லி, நெஞ்சோடு அடிவயிற்றுக்கும் கரண்ட் வைக்க ஏற்பாடு செய்தார். எனக்கோ மாதவிலக்கு தானாகவே தடுமாறத் தொடங்கியிருந்தது. அதைச் சொன்னால் வயது வெளியில் வந்துவிடும். சொல்லவில்லை.

தோல் வெந்துபோனால் பெங்களூரில் கொஞ்ச நாள் நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறாத தையல் புண்ணைக் கம்பெனி ஆஸ்பத்திரி பார்த்தது. வெந்த தோலுக்கு பஜார் டாக்டர் களிம்பு கொடுத்தார். இவர் என்ன கொடுத்தார் என்று அவர் கேட்பார், அவர் என்ன சொன்னார் என்று இவர் கேட்பார். மூன்று பேருக்கும் நடுவில் தபால்காரி நான்தான். தபால்காரிக்கு உள்ளே இருப்பதைத் திருத்த உரிமை இல்லை. நான் ஒவ்வொருத்தரிடமும் கொஞ்சம் திருத்தியே கொடுத்தேன்.

அடிவயிற்றுக்கு வைத்த கரண்டைப் பற்றி பஜார் டாக்டரிடம் ஒரு நாள் வாய்விட்டுவிட்டேன். அவர் ஒருத்தருக்குத்தான் நான் யார் என்று தெரியும். களிம்பு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டார்.

"இருபத்தேழு வயசுக்காரிக்கு வைக்கறதும் உனக்கு வைக்கறதும் ஒண்ணா? இன்னாம்மா செஞ்சி வெச்சிருக்கீங்க! மூணு டாக்டரையும் மூணு ஷாஃப்ட்ல இறக்கிட்டீங்க. ஷாஃப்ட் தனித்தனியா இருந்தாலும் கீழ ஒரு லெவல்ல ஒண்ணா சேரணும், இல்லாட்டி காத்து எப்பிடிம்மா வரும்?"

"நீங்களே ஒரு வார்த்த அவங்களுக்கு எழுதுங்களேன்" என்றேன்.

"எழுதலாம். உன் தம்பிக்கு வேல போனா நீ சோறு போடுவியா?" என்றார். பிறகு அவரே, "யோசிக்கலாம் போ" என்றார். அவரும் பாவம், எங்கள் பொய்யில் ஒரு கால் மாட்டிக்கொண்டவர்தான்.

தையல் பிரித்து அனுப்பும்போதே கம்பெனி டாக்டர் தம்பியை வரவழைத்து எச்சரித்திருந்தார்: "இனிமே உன் சம்சாரம் கர்ப்பம் ஆகக்கூடாது. ஆயிட்டா நோய் திரும்பும். புரியுதா?" அவன் புரியுதுங்க என்று சொல்லிவிட்டு வந்தான். அதை வீட்டில் அவன் சொன்ன விதத்துக்கு நாங்கள் மூவரும் சிரித்தோம். வெட்கத்தில் சிரித்த சிரிப்பு.

முதல் சுற்றுக் கரண்ட் முடிந்து நான் வீட்டில் இருந்த நாட்களில், அடுப்படியில் தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒரு வீட்டில் பிள்ளை வரப்போகிறது என்றால் முதலில் வரவேண்டியது சந்தோஷம்தானே? எனக்கு வந்தது பயம். அவள் பேருக்கு அங்கே ஒரு மார்பு இல்லை. அவள் பேர் பிள்ளை பெறக்கூடாது.

"எங்க அண்ணி பெத்துக்கறது?" என்றாள். குரலில் குற்றம் இல்லை, நிஜமாகவே வழி கேட்கிற குரல்.

"கோலார் சர்க்கார் ஆஸ்பத்திரி கீதே. பஸ்ல போனா போச்சி" என்றேன். "எப்ப ஆவும்?"

விரலை மடக்கினாள். "மாசி ஆயிடும்."

தை மாதத்தோடு எனக்கு இரண்டாம் சுற்று முடிந்துவிடும். மாசிக்கு நான் வீட்டில் இருப்பேன், அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வேன், அவள் முன்கூட்டியே கோலாருக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கச்சிதமாக இருந்தது. எனக்கு வசதியாக இருந்ததால் அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால் அவள் கால்விரல் மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. "நின்னுட்டே ஆப்பம் சுடறேன்ல, அத்தொட்டு" என்றாள். எனக்குக் களிம்பு வாங்கக் கூட வந்தபோது பஜார் டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்குப் பிரஷர் பாக்கணும். போன பிரசவம் ஞாபகம் இல்ல? நாளைக்கே கோலார் போங்க" என்றார். அவள் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும், "திங்கக்கெழம நீங்க பெங்களூர் போவணும். நான் கோலார் போயிட்டா புள்ளைங்கள யார் பாக்கறது? நீங்க முடிச்சிட்டு வாங்க, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றாள். நான் திங்கட்கிழமை வண்டியேறினேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நான் ஸ்டேஷனிலிருந்து வந்து பையைக் கீழே வைக்கிறேன், அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள். "அண்ணி, கண்ணுல பூச்சி பறக்குது" என்றாள். எடுத்த துணியோடு அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. வாயில் நுரை. பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு துணியைப் பல்லுக்கு நடுவில் திணித்தார். தம்பி ஷிஃப்டில், பூமிக்குக் கீழே. லைன் ஆட்கள் நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டார்கள்.

லைன் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கோலார் பஸ் நிற்கும் ரோட்டுக்கு, இன்னொன்று கம்பெனி ஆஸ்பத்திரிக்கு. ஆட்கள் நின்றுவிட்டார்கள். லைனுக்கே விஷயம் தெரியும்; எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கம்பெனி ஆஸ்பத்திரி" என்றேன்.

"யோசிச்சிப் பேசு. தம்பி வேல கீது. உன் வைத்தியம் கீது" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா என் காதருகே சொன்னார்.

"கோலார் போறதுக்குள்ள இவ இருக்கமாட்டா. நடங்கய்யா!"

வாசலில் இருந்தது அதே நர்சம்மா. கட்டிலைப் பார்த்ததும் ஓடிவந்தார். நாடி பிடித்தார், வயிற்றில் கை வைத்தார். "மாசம் நெறைஞ்சி கீதே! இவ்ளோ நாள் எங்க வெச்சிருந்தீங்க? இங்க ஒரு தடவகூடக் காட்டலியே" என்றார். மாசம் நிறைந்துவிட்டது என்ற சொல் எனக்குள் இறங்க நேரம் பிடித்தது. மாசிக்கு இன்னும் எத்தனை நாள் இருந்தது!

"டோக்கன் நம்பர் சொல்லு. பேர் சொல்லு."

நம்பரைச் சொன்னேன். அவள் பேரைச் சொன்னேன்.

நர்சம்மா நிமிர்ந்தார். என் முகத்தையும், சரிந்த முந்தானைக்குள் தட்டையாகக் கிடந்த என் வலது மார்பையும், கட்டிலில் கிடந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை காலை அந்தப் பேரைச் சொல்லி என்னை எழுப்பியவர்!

"அப்ப நீ யாரு?"

"நான் இவளுக்கு நாத்தனாருங்க" என்றேன்.

அவர் வாய் லேசாகத் திறந்தது. பிள்ளைகளைக் கண்ணில் காட்டாதவள் என்று அவர் வார்டு நடுவில் திட்டியதை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. "ஸ்ட்ரெச்சர்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. தலை நிறைய முடி. ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியதும் தம்பி சுரங்கத்து மண்ணோடு ஓடிவந்தான். துணியில் சுற்றிய குழந்தையை அவன் கையில் கொடுத்தபோது, கை அழுக்காக இருக்கிறது என்று சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போனேன்.

மீசைக்கார டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது: "உனக்கு உண்மையில என்ன வயசு?" சொன்னேன். "பிள்ளைங்க?" இல்லை என்றேன். "பெங்களூர்ல என்னென்ன செஞ்சாங்க? எதையும் விடாம சொல்லு." சொல்லச் சொல்ல அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் ஒருத்தியப் பத்தி எழுதி அனுப்புனேன். அவங்க ஒருத்திக்கு வைத்தியம் பாத்தாங்க. அப்பிடி ஒருத்தி இந்த உலகத்துலயே இல்ல" என்றார். பிறகு குரல் ஏறியது. "அந்தப் பொண்ணோட கார்டுல போன பிரசவத்துல கண்ட வீக்கம் எல்லாம் எழுதி இருக்குய்யா. வந்திருந்தா மொத மாசமே கவனிச்சிருப்போம்!"

என்னை ஆண்பிள்ளை மாதிரி 'யா' போட்டுத் திட்டினார். திட்டினது போதாது என்றுதான் எனக்கு இருந்தது. அன்றைக்கே பெங்களூருக்குப் புதுச் சீட்டு எழுதினார், என் பேரில், என் வயதில். அடிவயிற்றுக் கரண்டை நிறுத்தச் சொல்லி, மீதியை முடிக்கச் சொல்லி. பஜார் டாக்டரையும் வரவழைத்துப் பேசினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தம்பிக்கு சார்ஜ் ஷீட் வந்தது. வேலையை விட்டு நீக்கவில்லை. மேஸ்திரி ஆகவேண்டியவனை எடுத்துச் சூடு தாங்க முடியாத ஆழமான லெவலுக்கு மாற்றினார்கள். "குளிருக்கு நல்லதுதான் அக்கா" என்றான். அவன் அப்படித்தான், கேலியை முன்னால் தள்ளிவிட்டு அதன் பின்னால் நிற்பான்.

தம்பி மனைவி வீட்டுக்கு வந்த பிறகு எல்லோரிடமும் பேசினாள், என்னைத் தவிர. சண்டை இல்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள். "அண்ணி" என்ற சொல்தான் வீட்டிலிருந்து காணாமல் போனது. பால் கட்டிக்கொண்டதால் அவள் மார்பைத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள். அவளுக்கும் ஒரு கட்டு, எனக்கும் ஒரு கட்டு. அந்தச் சின்ன வீட்டில் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் நடமாடினோம். பூதிகோட்டைக்கே போய்விடலாம் என்று பையை இரண்டு தடவை எடுத்து வைத்தேன். போனால், என்னைக் காப்பாற்றியதும் வீணாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றுமே என்று திரும்ப ஆணியில் மாட்டினேன்.

கரண்ட் எல்லாம் முடிந்து, மாசியும் போய், வெயில் ஏறத் தொடங்கியபோது என் வலது கை வீங்கியது. அக்குளில் வெட்டி எடுத்தவர்களுக்கு அப்படி ஆகுமாம். மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் மேல்நோக்கி எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், இன்னொருத்தர்தான் தேய்க்க வேண்டும் என்று பெங்களூர் நர்ஸ் காட்டிக் கொடுத்தார். வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மத்தியானம் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தன. நான் இடது கையால் எண்ணெயைத் தொட்டு வலது கையில் தடவிக்கொண்டிருந்தேன். முழங்கைக்கு மேலே எட்டவில்லை. எண்ணெய் வழிந்து பாயில் சொட்டியது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கைய நீட்டுங்க."

"வேணாம்மே. நானே..."

"நீங்களே கிழிச்சீங்க. நீட்டுங்க."

நீட்டினேன். மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்தாள். மாவு பிசைகிற பலம். வீங்கின சதைக்குள் அவள் கட்டைவிரல் இறங்கும்போது கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்கும்" என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தையிலயே ஆயிடும்னு தெரிஞ்சேதான் நான் மாசின்னு சொன்னேன். உங்களுக்கு முடியட்டும்னு. நம்ம வயிறுதானே, ரெண்டு வாரம் தாங்கும்னு நெனச்சேன்."

பாயில் சொட்டிய எண்ணெயை இடது கையால் துடைத்துக்கொண்டே இருந்தேன், பேசியே பிழைத்தவள் நான்.

"அத்தொட்டு உங்க மேல கோவம் இல்லன்னு நெனைக்காதீங்க. கோவம் கீது. உங்களப் பாத்தா வருது. நீங்க சாப்புடும்போது வருது."

"இருக்கட்டும்மே."

"தெனமும் வருது அண்ணி."

"இருக்கட்டும். வரட்டும்."

அவள் கிண்ணத்தைச் சாய்த்து உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள். மறுபடியும் மணிக்கட்டிலிருந்து தொடங்கினாள்.